அம்பாப் பாட்டும் மின்னொலியும்

உழைப்போர் உள்ள இடமெல்லாம் பாட்டும் உண்டு. ஏற்றம் இறைப்போர்க்கு ஏற்றப்பாட்டும், நெற் குற்றும் மகளிர்க்கு வள்ளைப்பாட்டும், நாற்று நடுவோர்க்கு நடவுப்பாட்டும் உரியவாதல்போலக் கடலிற் செல்வோர்க்கு உரியது அம்பாப் பாட்டு. தூத்துக்குடியைச் சூழ்ந்த முத்துக்குளித்துறைக் கரையிற் பிறந்து வளர்ந்தார் எவரும் இப்பாட்டைக் கேட்டிருப்பர் என ஒரு காலத்திற் சொல்லலாயிருந்தது. இன்று அங்ஙனம் சொல்லுதல் இயலாது. கரையில் ஒலித்த பாட்டுக் கரையை விட்டு நீங்கி, மின்னொலிக் கருவிகளோடு கூடித் திரைப்படத்திலும் கைப்பேசியிலும் ஒலிக்கின்றது. பழைய நாட்டார் இசையும் புதிய மின்னொலியும் ஒருங்கு கலத்தலாகிய இம்முறை யாது, அதனால் விளையும் நன்மை யாது, இழப்பு யாது என்பவற்றை எம் சிற்றறிவுக்கு எட்டிய அளவில் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் அம்பாவின் இயல்பை அறிதல் வேண்டும். படகைக் கடலிற் தள்ளும்போதும், தண்டு வலிக்கும்போதும், பாய் ஏற்றும்போதும், கரைவலை இழுக்கும்போதும் இது பாடப்படும். ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார். ஏனையோர் ‘ஏலேலோ’ என்றும் ‘ஐலசா’ என்றும் ஒருமித்து விடைகொடுப்பர். அவ்விடைச் சொல்லுக்குப் பொருள் யாதென வினவுவார் உளர். அதன் பொருள் அகராதியில் இல்லை, கயிற்றில் உள்ளது. பத்துப் பேர் பத்து நொடியில் இழுத்தால் அசையாத வலை, பத்துப் பேரும் ஒரே நொடியில் இழுத்தால் அசையும். அந்த ஒரு நொடியைப் பத்துப் பேருக்கும் ஒன்றாக அறிவிப்பதே அச்சொல்லின் தொழில். இடையில் வரும் அடிகளிலோ மாதாவும் புனிதரும் வருவர். மீன்களின் பெயர் வரும். கரையிற் காத்திருப்பவளின் நினைவும் வரும். உடன் இழுப்பவனைப் பற்றிய கேலியும் வரும். எதுவரினும் இழுப்பு வருமிடத்தில் எல்லோர் குரலும் ஒன்றாகிவிடும்.

கடற்கரை மக்களுக்கும் இசைக்கும் உள்ள உறவு நேற்று உண்டானதன்று. ஐந்திணைக்கும் கருப்பொருள் வகுத்த நம் இலக்கண நூலார், நெய்தல் நிலத்துக்கு விளரி யாழையும் செவ்வழிப் பண்ணையும் மீன்கோட்பறையையும் உரியனவாகக் கூறினர். இளங்கோவடிகள், கோவலனும் மாதவியும் பிரிதற்கு ஏதுவாகக் கடற்கரைப் பாடல்களாகிய கானல்வரியை அமைத்தார். கொற்கை முத்தைச் சங்கப் பாடல்களும் பாடுகின்றன. ஆகவே, அலையோசைக்கு எதிரே நின்று பாடும் வழக்கம் இந்நிலத்துக்குப் பிறப்புரிமை எனலாம்.

இனி, இப்பாட்டின் தாளம் எங்கிருந்து பிறந்தது என நோக்குவோம். அவையில் அமர்ந்து பாடுவோர்க்குத் தாளம் கையில் உண்டு. கடலிற் பாடுவோர்க்கோ அது மூச்சில் உண்டு. தண்டை முன்தள்ளும்போது மூச்சு உள்வாங்கப்படும், வலிக்கும்போது வெளிவிடப்படும், அவ்வெளி மூச்சே பாட்டாகும். எதிர்நீர் வலிதாயின் பாட்டு மெதுவாகும். காற்றுத் துணைசெய்யின் பாட்டு விரையும். ஆதலின் ஒரே பாட்டு ஒரே நாளில் காலையில் ஒரு நடையாகவும் மாலையில் வேறொரு நடையாகவும் இருத்தல் கூடும். இது குற்றமன்று, இதுவே அதன் இலக்கணம். மூச்சை அளந்து வாழ்ந்த கரை இது. கல்லைக் காலிற் பிணைத்து முத்துப்பாரில் இறங்கியவர் ஏறத்தாழ ஒரு நிமிட மூச்சையே முதலாகக் கொண்டு மூழ்கினர். மேலே கயிறு பிடித்திருந்தவர் அம்மூச்சின் கணக்கை அறிந்தே கயிற்றை இழுத்தனர்.

ஆனால் அத்தொழில்கள் மாறிவிட்டன. தூத்துக்குடியின் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றது. 1950-களுக்குப் பின் விசைப்படகுகள் பெருகின. நாட்டுப்படகுகளும் பொறி பூண்டன. கொழும்புக்குச் சென்ற பாய்மரத் தோணிகளும் பாயை இறக்கிப் பொறியை ஏற்றுக்கொண்டன. 1974-இல் தூத்துக்குடி பெருந்துறைமுகம் எனப் பெயர் பெற்றது. மனிதர் தோள் தூக்கிய சுமையைப் பாரந்தூக்கிகள் தூக்கலாயின. இவற்றை யாம் குறையாகக் கூறவில்லை. தோள் நோகத் தண்டு வலித்தவர்க்குப் பொறி வந்தது பெரும் ஆறுதலே. ஆயினும் பொறி ஓடும் படகில் ஒருமித்து இழுக்க வேண்டிய கயிறு இல்லை. பொறியின் இரைச்சலில் அடியெடுத்துக் கொடுப்பவர் குரல் கேட்பதும் இல்லை. வேலை போயிற்று, வேலையோடு பாட்டும் போயிற்று. கரைவலை இழுக்கும் சில இடங்களிலும் முதியோர் நினைவிலும் மட்டுமே அது எஞ்சியிருக்கின்றது. வேலையிழந்த பாட்டுக்கு வேறு வீடு உண்டா என்பதே இக்கட்டுரையின் வினா.

நிற்க. பழைய இசையோடு புதிய கருவியைக் கூட்டுதல் தகுமோ என ஐயுறுவார்க்கு ஒரு சொல். இவ்வட்டாரத்தில் அது புதிதன்று. எட்டயபுரத்தில் 1835-இல் மறைந்த முத்துசாமி தீட்சிதர், ஐரோப்பியரின் வாத்தியக் குழுக்கள் இசைத்த மெட்டுகளுக்கு வடமொழியிற் சொல்லமைத்து நோட்டுசுரங்களைப் பாடினார். அவர் தம்பியும் எட்டயபுர அரசவை வித்துவானுமாகிய பாலுசாமி தீட்சிதர், மேனாட்டு வயலினைக் கற்று நம் இசைக்கு இசைவித்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரி அரிது. திருநெல்வேலியிற் பிறந்த வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) நாட்டார் பாடும் மெட்டுகளை எடுத்துக் கிறித்தவப் பொருளை அவற்றில் ஏற்றினார்; ஏற்றம் இறைப்போர் பாட்டின் வடிவும் அவர் கையில் ஞானப் பாட்டாயிற்று.

ஆர்மோனியத்தின் வரலாறோ வேறொரு பாடம் கற்பிக்கின்றது. மேனாட்டிலிருந்து வந்த அக்கருவி கோயிலிலும் நாடக மேடையிலும் எளிதாக இடம்பெற்றது. ஆனால் அதன் கட்டைகள் தனித்தனி நிற்பன. ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் கமகம் அதில் வாராது. இக்காரணம் பற்றியே அகில இந்திய வானொலி 1940-இல் அதை விலக்கியது. அவ்விலக்கு 1971-இலேதான் தளர்ந்தது. வயலின் நம் குரலின் பின்னே சென்றது. ஆர்மோனியம் நம் குரலைத் தன் கட்டைகளுக்குள் அழைத்தது. புதுக்கருவி எதுவாயினும், பாட்டு அதைத் தன்வயமாக்குகிறதா, அது பாட்டைத் தன்வயமாக்குகிறதா என்பதே கேட்க வேண்டிய வினா. இவ்வினாவை மனத்திற்கொண்டு மின்னொலிக் கருவிகளை நோக்குவோம்.

மின்னோட்டத்தின் அதிர்வையே ஒலியாக்கும் கருவிகளுள் பெயர்பெற்றது, 1920-இல் உருசிய நாட்டறிஞர் தெரமின் அமைத்ததாகும். 1964-இல் அமெரிக்க நாட்டு மூக் என்பவர் சிந்தசைசர் என்னும் ஒலிக்கூட்டுக் கருவியை வெளிப்படுத்தினார். 1980-இல் தாளப்பொறிகளுட் புகழ்பெற்ற டி.ஆர். 808 வந்தது. 1983-இல் வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேசுதற்குரிய மிடி என்னும் பொதுமொழி வகுக்கப்பட்டது. இன்று இவையனைத்தும் ஒரு மடிக்கணினிக்குள் அடங்கிவிட்டன.

இவற்றின் தொழில்கள் மூன்று. முதலாவது, இல்லாத ஒலியை உண்டாக்கல். இரண்டாவது, உள்ள ஒலியைப் பிடித்துக் கூறாக்கல். குறுந்தகட்டு அளவின்படி ஒரு நொடி ஒலியைக் கணினி 44,100 முறை அளந்து எண்களாக எழுதிக்கொள்ளும். எண்ணான ஒலியை வெட்டலாம், ஒட்டலாம், நீட்டலாம், நூறு முறை திருப்பலாம். மூன்றாவது, காலத்தைக் கட்டமிடல். நிமிடத்துக்கு 120 தட்டு என அமைப்பின், ஒவ்வொரு தட்டும் அரை நொடிக்கு ஒன்றாகப் பிறழாது விழும். அத்தட்டுகளைப் பெரும்பாலும் 16 படிகளாகப் பகுத்து, ஒவ்வொரு படியிலும் முழக்கம் வேண்டுமா வேண்டாமா எனக் குறிப்பர். பாடியவர் சற்று முந்தினாலும் பிந்தினாலும் அக்குரலை இழுத்து அருகிலுள்ள கட்டத்திற் பொருத்தும் வசதியும் உண்டு. முன்னிரண்டு தொழில்களாலும் நாட்டார் இசைக்குப் பெரிய தீங்கு இல்லை. மூன்றாவதிலேதான் விழிப்பு வேண்டும். மூச்சினால் அளக்கப்பட்ட பாட்டைக் கட்டத்துக்குள் தள்ளும்போது, மூச்சு எங்கே போகின்றது?

இத்தகைய இக்கட்டு நமக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவின் தென்கிழக்கிலுள்ள பால்கன் நாடுகளின் ஊர்ப்புற இசை, ஒற்றைப்பட்ட தாளங்களுக்குப் பேர்பெற்றது. பல்கேரிய நாட்டு ராசெனிட்சா என்னும் ஆட்டம் 2, 2, 3 என ஏழாக நடக்கும். கோபானிட்சா என்பது 2, 2, 3, 2, 2 எனப் பதினொன்றாக நடக்கும். நம் மிச்ரசாபு 3, 2, 2 என ஏழாக நடத்தலை அறிந்தார்க்கு இது வியப்பாகாது. கைதா என்னும் தோற்பை ஊதுகருவியில் ஒரு குழல் இடையறாது ஒரே சுரத்தை ஒலித்து நிற்றல், நம் நாகசுரத்துக்குத் துணையாகும் ஒத்தை நினைவூட்டும். அவ்விசையை மின்னொலித் தாளத்தோடு கலந்து ஆடற்கூடங்களுக்குக் கொண்டுவந்தார் செருமானிய நாட்டுச் சாண்டெல். அவர் தொகுத்த புக்கோவினா கிளப் என்னும் இசைத்தட்டு 2003-இல் வெளிவந்தது. பால்கன் இசையோடு மின்னொலி கூட்டுவோர்க்கு எளிய வழி ஏழையும் பதினொன்றையும் எட்டாகவும் பதினாறாகவும் நேராக்கிவிடுதல். அரிய வழி பொறியையே ஏழாக எண்ணப் பழக்குதல். எளிய வழியில் மெட்டு மிஞ்சும், ஆட்டம் போய்விடும். அரிய வழியில் இரண்டும் நிற்கும்.

நம் நாட்டில் இக்கலப்பு எவ்வாறு நடந்தது? 1976-இல் ‘அன்னக்கிளி’ திரைப்படத்தின் வாயிலாக இளையராஜா ஊர்ப்புற மெட்டைத் திரையிசையின் நடுவே நிறுத்தினார். பத்தாண்டு கழித்து 1986-இல் ‘புன்னகை மன்னன்’ படத்தில் அவரே கணினியிசையைக் கையாண்டார். இவற்றுக்கு இடையே 1982-இல் மும்பைக் கலைஞர் சரண்ஜித் சிங், பத்து இராகங்களை முழுவதும் மின்னொலிக் கருவிகளாலே வாசித்து இசைத்தட்டாக்கினார். அன்று அதைப் பொருட்படுத்தினார் சிலரே. 2010-இல் அது மீண்டும் வெளியானபோது உலகம் வியந்து கேட்டது. 1993-இல் ‘கிழக்குச் சீமையிலே’, 1994-இல் ‘கருத்தம்மா’ ஆகிய படங்களில் ஏ. ஆர். ரகுமான் மண்ணின் பாட்டையும் மின்னொலியையும் ஒருங்கு சேர்த்தார்.

எம் கரையைத் தொட்ட கலப்பு 2013-இல் வெளியான ‘கடல்’ திரைப்படம். மணிரத்தினம் இயக்கிய இப்படம் மீனவக் கிறித்தவர் வாழ்வைப் பொருளாகக் கொண்டது; தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாட்டிலும் படமாக்கப்பட்டது. அதில் மதன் கார்க்கி எழுதி ரகுமான் பாடிய ‘ஏலே கீச்சான்’ என்னும் பாட்டு, படகோட்டிகளின் கூட்டுப்பாட்டைப் புதுக்கருவிகளோடு இசைத்தது. கீச்சான் என்பது இக்கடலிற் பிடிபடும் சிறுமீனின் பெயர். பெருநகர் இளைஞர் பலர் அம்மீனின் பெயரையே அப்பாட்டினால் அறிந்தனர். அடியெடுத்துக் கொடுத்தலும் கூட்டம் விடைகொடுத்தலுமாகிய அம்பாவின் உடல் அதில் நிலைத்தது. ஆயினும் அது திரைக்கதைக்காகப் புதிதாக எழுதப்பட்ட பாட்டு. கரையிற் பிறந்த அம்பா அன்று. இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

2021-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வெளியான ‘என்ஜாய் எஞ்சாமி’ என்னும் பாட்டு இன்னும் ஒருபடி மேற்சென்றது. சந்தோஷ் நாராயணன் இசைக்கூட்ட, தீயும் அறிவும் பாடிய அதில், ஒப்பாரியின் குரலும் மின்னொலித் தாளமும் கைகோத்தன. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டியின் வாழ்விலிருந்து அறிவு அதன் பொருளை எடுத்தார். உலகெங்கும் கோடிக்கணக்கானோர் கேட்ட அப்பாட்டைத் தொடர்ந்து 2021, 2022-ஆம் ஆண்டுகளில், இத்தகைய ஆக்கத்தில் யார் பெயர் எவ்விடத்தில் நிற்க வேண்டும் என்னும் வழக்குரை பொதுவெளியில் எழுந்தது. அதன் தீர்ப்பை உரைக்க யாம் தகுதியுடையோம் அல்லோம். எனினும் பாட்டைக் கலப்பவர் மூச்சை மட்டுமன்றிப் பெயரையும் நினைத்தல் வேண்டும் என்பது அதனால் எமக்கு விளங்கிற்று.

இனி, எம் சிறு முயற்சி ஒன்றைக் கூறுதல் பிழையாகாது என நம்புகின்றோம். சென்ற கல்வியாண்டில் முத்தமிழ் விழாவுக்கென மாணவர் நால்வர் ஓர் அம்பாப் பாட்டை மின்னொலியோடு இசைக்க முற்பட்டோம். எம்முள் ஒருவர் கடற்கரையூரினர். அவருடைய பாட்டனார் இளமையில் தண்டு வலித்தவர். திண்ணையில் அமர்ந்து அவர் பாடியதைக் கைப்பேசியிற் பதிந்துகொண்டோம். பின்னர் விடுதியில் மூன்று இரவு விழித்திருந்து, நிமிடத்துக்கு 90 தட்டு எனக் காலம் வகுத்து, அவர் குரலைத் துண்டாக்கிக் கட்டங்களிற் பொருத்தினோம். அடிகளுக்கு இடையே அவர் விட்ட வெற்றிடங்களைத் தேவையற்றவை எனக் கருதி நீக்கினோம். எமக்கு அது மிக இனிதாயிருந்தது. பெருமையோடு எடுத்துச்சென்று அவருக்குக் கேட்பித்தோம். அவர் கண்மூடி முழுதும் கேட்டார். பின், “தம்பிமாரே, பாட்டு நல்லாத்தான் இருக்கு. வலிக்கிறவன் எங்கே மூச்சு வாங்குவான்?” என்றார்.

அவ்வினாவுக்கு எம்மிடம் விடை இல்லை. மீண்டும் வந்து முதற்பதிவை அளந்து பார்த்தோம். யாம் வெட்டி எறிந்த இடைவெளிகளுள் இரண்டு ஒத்திருக்கவில்லை; சில ஒரு நொடிக்கும் குறைவு, சில இரண்டு நொடிக்கும் மிகுதி. திண்ணையில் இருந்து பாடியபோதும் அவர் உடல் படகில் இருந்தது என்பதை அப்போதுதான் உணர்ந்தோம். எனவே செயலைத் தலைகீழாக்கினோம். குரலைக் கட்டத்துக்குள் இழுக்காமல், குரலில் இழுப்பு விழும் இடந்தோறும் குறியிட்டு, பொறியின் காலத்தை அக்குறிகளுக்கேற்ப வளைத்தோம். இதற்குரிய வசதி இசைக்குரிய கணினிச் செயலிகள் பலவற்றில் உண்டு, பொறுமைதான் வேண்டும். முழக்கத்தை இழுப்புக்கு மட்டும் வைத்தோம்; மூச்சு வாங்கும் இடத்தில் ஒன்றும் வைக்கவில்லை. சுருதிக்குத் தம்புரா ஒலியை நாடாமல், கரையில் நின்ற நாட்டுப்படகின் பொறியொலியைப் பதிந்து, அதனைத் தாழ்த்தி, அடியில் ஓடவிட்டோம். பாட்டை ஓட்டிய பொறியே பாட்டுக்குத் துணை நிற்கட்டும் என்பது எம் எண்ணம்.

இரண்டாம் முறை கேட்டபோது அம்முதியவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆயின் அவர் வலக்கை முழங்காலின்மேல் முன்னும் பின்னும் அசையத் தொடங்கியது. பாட்டு முடிந்தபின், இது தம் பாட்டு அன்று, தம் படகின் பாட்டு எனக் கூறி, அப்படகில் உடன் வலித்த எழுவர் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். அவருள் இருவர் கடலிற் போய் மீளாதவர். விழா மேடையில் பாட்டை ஒலிக்குமுன் அவ்வெண்மர் பெயரையும் வாசித்தோம். கைதட்டல் பாட்டுக்குக் கிடைத்தது. பெயர்களை வாசித்தபோது அரங்கு அமைதியாயிருந்தது.

இதுகாறும் கூறியவாற்றால் பெறப்படுவன இவை. தொழிலை இழந்த பாட்டைப் பழைய நிலையில் மீட்டல் எவராலும் இயலாது. பொறியை நிறுத்தித் தண்டு வலிக்குமாறு எவரையும் வேண்டவும் கூடாது. மின்னொலி அப்பாட்டுக்குப் புதிய வீடு ஆகலாம். ஆர்மோனியம்போற் சிறையும் ஆகலாம். வீடாதலும் சிறையாதலும் கருவியின் கையில் இல்லை. அதை இயக்குவோர் செவியில் உள்ளன. கலக்க விரும்பும் மாணவர் முதலில் பாடுவோர் காலடியில் அமர்ந்து கேட்க வேண்டும். பதிவை வெட்டாமல் முழுமையாக ஒரு படி காத்து வைக்க வேண்டும். மூச்சின் இடத்தை மூச்சுக்கே விட வேண்டும். பாட்டுக்கு உரியோர் பெயரை எழுத வேண்டும்.

எம் கல்லூரியில் கடற்கரையூர்களிலிருந்து பயில வருவோர் பலர். அவர்தம் வீடுகளில் அம்பா அறிந்த முதியோர் இன்னும் சிலர் இருப்பர். வரும் விடுமுறையில் ஒவ்வொருவரும் ஒரு பாட்டைக் கேட்டுப் பதிந்து வருவராயின், அடுத்த ஆண்டு மலருக்குள் ஒரு சிறு தொகை சேர்ந்துவிடும். அதனோடு எவ்வகை இசையைக் கூட்டலாம் என்பதைப் பின்னர் ஆராய்வோம். பாடுவோர் இருக்கும்போதே கேட்டுவிடுதல் முதற்கடன்.